அக்கராயனில் ஒரு சீனத்து அடுப்பு

சீனாவுக்கு நான் போனதில்லை. போகிற எண்ணமும் இல்லை. ஆனால் சீனா ஒரு தடவை எங்கள் குசினிக்கு வந்து, சில வருஷம் தங்கி, என் அம்மாவின் கண்ணைப் புகையில் கெடுத்துவிட்டுப் போனது. கம்யூன், சீர்திருத்தம், புதிய சமுதாயம் என்று அந்த நாட்டைப் பற்றி யாராவது பெரிய வார்த்தையில் பேச ஆரம்பித்தால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு அண்டா. அடியில் ஓட்டை விழுந்து ஈயம் அடைத்த அண்டா. அதற்குப் பிறகு கோபம் வரும். இந்த வயதிலும் வருகிறது, நான் என்ன செய்ய?

நாங்கள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு, அந்த வரிசை அறைகளுக்கு, நெருப்பு வைத்தபோது உடுத்த துணியோடு லொறி ஏறினோம். வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படுத்துக் கிடந்து, பிறகு அக்கராயனுக்கு அப்பால் காட்டோரத்தில் வந்து விழுந்தோம். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். வந்தது அம்மாவும் நானும், அம்மாவின் தம்பியான என் மாமாவும் அவர் குடும்பமும், எங்கள் லயங்களில் இருந்த இன்னும் சில குடும்பங்களும். காடு அரசாங்கத்துடையது. வெட்டித் துப்புரவாக்கி, இருந்து பயிர் செய்தால் ஒருநாள் காணிக் கந்தோரிலிருந்து, அதாவது நில அலுவலகத்திலிருந்து, ஆள் வந்து பார்த்துப் பெர்மிற் தருவார்கள் என்று முன்பே அங்கே குடியேறியிருந்தவர்கள் சொன்னார்கள். பெர்மிற் என்றால், இது உன் காணி, இனி உன்னை யாரும் எழுப்ப முடியாது என்கிற கடுதாசி. தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்து அறை ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. அந்தக் கடுதாசியின் மேல் எங்களுக்கிருந்த ஆசையை வெளியாட்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பெர்மிற் என்று சொல்லும்போது அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

எங்களுக்குச் சீனாவைக் கொண்டுவந்தவர் ஒரு மாஸ்டர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், அக்கராயன்காரர், வயல் உள்ள குடும்பம். கல்யாணம் முடிக்கவில்லை. சைக்கிள் ஹாண்டிலில் ஒரு துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு ரேடியோவும் பழைய சீனப் படப் புத்தகங்களும் இருக்கும். புத்தகம் இங்கிலீஷ், அவர் தமிழாக்கிச் சொல்வார். சும்மா கதை சொல்லிவிட்டுப் போகிற மனிதரென்றும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து விதைநெல் கொண்டுவந்து தந்தார். மண்வெட்டி இரவல் வாங்கித் தந்தார். காய்ச்சல்காரரைச் சைக்கிளில் இருத்திக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதனால் அவர் சீனா என்றாலும் கேட்டோம், சந்திரமண்டலம் என்றாலும் கேட்டிருப்போம்.

அந்தப் படங்கள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. முடிவே தெரியாத வயல்கள், சிவப்புக் கொடிகள், உழவு மெசினில் ஏறி உட்கார்ந்து சிரிக்கிற பெண்கள். வெறுங்காலோடு வயல்வரம்பில் நடந்துபோய் மருந்து கொடுக்கிற ஒரு டாக்டர் பிள்ளை. எனக்கு அவளைப் பிடிக்கும். கடைசியில் ஒரு நீளமான மண்டபம். ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. பின்னால் பெரிய பெரிய அண்டாக்களில் ஆவி பறக்கிறது.

"பாருங்கோ, அங்கை ஒரு வீட்டிலையும் அடுப்பு இல்லை" என்றார் மாஸ்டர். "ஊருக்கெல்லாம் ஒரே குசினி. பொம்பிளையள் அடுப்படியிலையிருந்து விடுதலையாகி ஆம்பிளையளோடை சரிக்குச் சரி வயலிலை நிக்கினம். நாங்களும் அப்பிடிச் செய்தால் என்ன? காடு பெரிசு, கை கொஞ்சம். ஆளாளுக்குத் தனியத் தனிய வெட்டினால் எப்ப முடியிறது?"

"அப்ப ஆக்கிப் போடுறது யாரு மாஸ்டரய்யா? ஆம்பளைங்களா?" என்று அத்தை, மாமாவின் மனைவி, கேட்டாள். பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாஸ்டரும் சிரித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் என் அம்மா. புருஷன் இல்லாதவள், வீட்டில் நான் ஒருத்திதான், நானும் வயலுக்குப் போகிற வயது. "அக்காவுக்கு வெயில்ல வேல வேணாம். நெழல்ல இருந்து ஆக்கட்டும்" என்றார் மாமா. நல்ல மனதோடுதான் சொன்னார், அதை மறுக்க மாட்டேன். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் பாத்திரம் விடுகிற ஒருவரிடம் கழித்துவிட்ட அண்டா ஒன்றை மாஸ்டர் வாங்கி வந்தார். அவர் அதைக் கிடாரம் என்பார். அந்தப் பக்கம் வெறும் மண். கல் தேடி அலைய வேண்டும். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலும் இருந்த மூன்று கல்லையும் பிடுங்கி வந்து, அத்தனையையும் அடுக்கி, மண் பூசி, பொதுக் குசினிக்கு ஒரு பெரிய அடுப்புக் கட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் குடியிருப்பில் அடுப்பு என்றால் அது ஒன்றுதான்.

மண்டபம், மேசை எல்லாம் எங்களுக்குச் சரிவரவில்லை. ஊர் முன்னால் வாயைத் திறந்து சாப்பிட எங்கள் ஆட்களுக்குக் கூச்சம். தோட்டத்தில் அரிசி போடும்போது வரிசையில் நின்று பழக்கம். அதனால் வீட்டுக்கு ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்து, சோற்றையும் கறியையும் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் தங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். அம்மா அகப்பையால் அண்டாவின் விளிம்பில் தட்டினால் எல்லோரும் பாத்திரத்தோடு வருவார்கள். எனக்கும் அம்மாவுக்கும் தனிப் பாத்திரம் இல்லை. எல்லோருக்கும் போட்ட பிறகு அண்டாவில் மிஞ்சுகிறதை வழித்துச் சாப்பிடுவோம்.

இனி எங்கள் ஆட்கள் பண்ணின கூத்தைச் சொல்ல வேண்டும். சீனா என்று தொடங்கினோம் அல்லவா, இரண்டு மாதம் போகவில்லை, தோட்டம் வந்துவிட்டது. மாமாவைத் தலைவராக்கினார்கள். அவர் எங்கிருந்தோ ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுவந்து மரத்தில் கட்டினார். விடிய அதைத் தட்டினால் எல்லோரும் வந்து வரிசையில் நிற்க வேண்டும். தோட்டத்தில் இதற்குப் பெரட்டு என்று பேர். அதில்தான் கங்காணி ஆளை எண்ணி வேலைக்கு விரட்டுவான். மாமாவும் எண்ணினார், விரட்டினார். கையில் ஒரு பிரம்பு வேறு. கங்காணியிடமிருந்து தப்பி இவ்வளவு தூரம் ஓடிவந்து, ஒரு கங்காணியை நாங்களே செய்து வைத்துக்கொண்டோம். அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை, அம்மாவைத் தவிர.

"கங்காணியாருக்குத் தொப்பிதான் கொறச்சல்" என்று அவள் குசினியிலிருந்து சத்தமாகவே சொல்வாள். எங்கள் அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. மாமா கேட்காதது போல நிற்பார்.

மாஸ்டர் ஒருநாள் காலையில் வந்து அந்தப் பெரட்டைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். "அச்சொட்டாக அங்கத்தை வேலைப் பிரிகேட் மாதிரி!" என்றார். பாவம் மனிதர், தோட்டத்தை அவர் கண்டதில்லை.

ஆனால் நன்றாகவும் இருந்தது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். காடு வெட்டி, வரம்பு கட்டி, உடைந்து கிடந்த சின்னக் குளத்தை அடைத்து நெல் விதைத்தோம். காய்ச்சலில் விழுந்தவனுக்கும் சோறு கிடைத்தது. பிள்ளை பெற்றவளுக்கும் கிடைத்தது. பெண்கள் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு அடுப்பில் விழுந்தவர்கள் அவர்கள். அந்தியில் அப்படிச் சும்மா உட்கார்ந்து கதைத்துச் சிரிப்பதை அவர்கள் அதற்கு முன் அறிந்ததில்லை. மாஸ்டர் சொன்ன விடுதலை உண்மையாகவே வந்தது. அது அம்மாவின் தோளில் ஏறி வந்தது. பெரட்டுத் தட்டுமுன் எழுந்து விறகு பிளப்பாள். குளத்துக்கும் குசினிக்குமாகத் தண்ணீர் சுமப்பாள். ஈர விறகின் புகையில் அழுதழுது கிண்டுவாள். கடைசியில் யாராவது ஒருவன் உப்புக் குறைச்சல் என்பான்.

"உப்பு கொறச்சலா? அப்பிடியே என் கண்ணீர ஊத்திக்க" என்பாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரு அந்தியில் மாஸ்டர் வழக்கம்போல ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். சீனாவிலிருந்து தமிழில் ஒரு ஒலிபரப்பு வரும். அங்கே இருக்கிற சீனர்களே சுத்தமான தமிழில் பேசுவார்கள். அன்றைக்கு ஒரு பெண் குரல், கிராமங்களில் கம்யூன் வயல்களைக் குடும்பங்களுக்குப் பிரித்துப் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள், விளைச்சல் கூடியிருக்கிறது, விவசாயிகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று சொன்னது. மாஸ்டர் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

எங்கள் ஆம்பிளைகள் அப்படி இருக்கவில்லை. அடுத்த நாளே பேச்சுக் கிளம்பிவிட்டது. "சீனாவுலயே பிரிச்சிட்டாங்களாம்! நம்ம மட்டும் என்னாத்துக்கு?" என்றார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுக்கு வெகுநாளாகவே ஆசை, சொல்லத்தான் வெட்கம். இப்போது சீனாவே வெட்கத்தைப் போக்கிவிட்டது. அறுவடை முடிந்ததும் பிரிப்பது என்று கூட்டம் கூடிப் பேசினார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி. மாடு யாருக்கு, மருந்தடிக்கிற மெசின் யாருக்கு, மண்வெட்டி யாருக்கு என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் பேர் வரவேயில்லை.

"எனக்கு எங்க துண்டு?" என்று அம்மா குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"நீ என் குடும்பந்தானே அக்கா. உனக்கு எதுக்குத் தனியா? நான் இருக்கேன்ல?"

"நான் எப்ப உன் குடும்பமானேன்? உன் கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிலர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்காமல், நியாயம் சொல்கிற முகத்தோடு, "இல்லக்கா, காட்ட வெட்டினது நாங்க. வயல்ல எறங்கினது நாங்க. நீங்க ஆக்கித்தானே போட்டீங்க? அது ஒரு வேலையா?" என்றார். அந்த மனிதர் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா தினமும் கஞ்சி வடித்துக் கொடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா அவரை விட்டுத் திரும்பினாள். மாஸ்டரைப் பார்த்து, "மாஸ்டரய்யா, சீனாவுல என்னா செஞ்சாங்க? ஆக்கினவங்களுக்குத் துண்டு குடுத்தாங்களா, இல்லியா?" என்று கேட்டாள்.

மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "அது... அதைப்பற்றி ரேடியோவிலை ஒண்டும் சொல்லேல்லை அம்மா" என்றார்.

பல வருஷம் கழித்து ஒரு நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடிப் படித்தேன். சீனத்துப் பொதுக் குசினிகள் பெரும் பஞ்சத்தில் போய் முடிந்தனவாம். அவற்றை மூடியபோது நான் பிறக்கவேயில்லை. மாஸ்டரின் புத்தகங்கள் அவ்வளவு பழசு. அங்கே என்றோ மூடிப்போன குசினியை நாங்கள் காட்டுக்குள் புதிதாகத் திறந்து வைத்திருக்கிறோம்! வயலில் நின்ற பெண்ணுக்கு அங்கே கூலிக் கணக்குக்கு வேலைப்புள்ளி போட்டார்கள், ஆணைவிடக் குறைவாக என்றாலும் போட்டார்கள் என்று படித்தேன். கம்யூன் கலைந்தபோது நிலத்தை எப்படிப் பிரித்தார்கள் என்றும் இருந்தது. அந்த அண்டாக்களுக்குப் பின்னால் நின்று சிரித்த பெண்கள் பிறகு என்னவானார்கள் என்று மட்டும் நான் பார்த்த புத்தகம் ஒன்றிலும் இல்லை. மாஸ்டரை இனி நான் குறை சொல்லமாட்டேன்.

கூட்டத்துக்கு வருகிறேன். எல்லாம் பிரித்து முடிந்து அண்டா மட்டும் மிஞ்சியது. "அண்டாவ அக்காவுக்கே குடுத்திருவோம்" என்றார் மாமா, பெரிய தாராளமாக. எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்! நான் எழுந்து, "வெக்கமா இல்லியா உங்களுக்கு?" என்று கத்தினேன். இன்னும் என்னவெல்லாமோ கத்தினேன். பொம்பளைப் பிள்ளைக்கு வாயைப் பார் என்று யாரோ சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சின்ன வயசுலேருந்து மலையில கொழுந்து ஆஞ்சேன். ஒருநா என் சம்பளம் என் கையில வரல. ஒங்கப்பன் வாங்கினாரு. அவரு போனதும் ஒங்க மாமன் வாங்கினான். தோட்டத்துல அதான் வழக்கம். இப்ப காணியும் அவனே வாங்கணுமா? முடியாது. செத்தாலும் முடியாது" என்றாள். பிறகு, "நீ கிளிநொச்சிக்குப் போயி அந்தக் கந்தோர்ல கேட்டுட்டு வா. பொம்பளைக்குப் பெர்மிட் குடுப்பாங்களா மாட்டாங்களான்னு" என்றாள்.

போனேன். கந்தோரில் இருந்த கிளாக்கர் நல்ல மனிதர், கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். "தங்கச்சி, நாங்கள் வீடுவீடாய்ப் போய் அடுப்பைத்தான் பாக்கிறனாங்கள். தனி அடுப்பு எண்டால் தனிக் குடும்பம். தனிக் குடும்பம் எண்டால் தனிப் பெர்மிற். தலைவர் பொம்பிளையெண்டாலும் பறவாயில்லை" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. சந்தோஷமாக பஸ் ஏறினேன். பாதி வழியில்தான் மண்டையில் உறைத்தது. எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் இருப்பது ஒரே அடுப்பு.

வந்த வேகத்தில் மாமாவிடம் சொன்னேன். "வீட்டுக்கு ஒரு அடுப்பு வைக்கச் சொல்லுங்க மாமா. ஆள் வந்து பாத்தா நம்ம எல்லாரும் ஒரே குடும்பம்னு எழுதிட்டுப் போயிருவாங்க." மாமா சிரித்தார். "அறுவடை முடியட்டும் புள்ள. இப்ப வீட்டுக்கு வீடு அடுப்பு வைச்சா பொம்பளைங்க வயலுக்கு எப்பிடி வருவாங்க? கந்தோர்காரங்க வந்தா நான் பேசிக்கிறேன்." காணி தர மாட்டார்கள், ஆனால் அறுவடை வரைக்கும் அம்மாவின் சோறு வேண்டும்! அம்மாவிடம் போய்ச் சொன்னேன், இனி ஆக்காதே, அண்டாவைக் கவிழ்த்து வை என்றேன்.

"ஆக்குவேன்" என்றாள். "நான் அடுப்ப விட்டா, நான் வேலயே செய்யலன்னு ஆகிப்போகும். துண்டு என் கைக்கு வர்ற வரைக்கும் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன்."

காணிக் கந்தோர் ஜீப் அறுவடைக்கு முன்பே வந்துவிட்டது. யாரும் எதிர்பார்க்காத ஒரு காலை நேரம். கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருத்த ஒரு ஐயா இறங்கினார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார். தோட்டத்தில் தொரைக்குமுன் நின்ற பழக்கம் அவ்வளவு லேசில் போகாது. ஐயா முதல் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அடுத்த வீடு. அதற்கடுத்தது. நெற்றியைச் சுருக்கினார்.

"ஆக்கள் இருக்கினம், அடுப்பைக் காணேல்லையே?"

"அடுப்புங்களா..." என்று மாமா இழுத்தார்.

இதற்குள் ஒருவர், கூட்டத்தில் நியாயம் சொன்ன அதே மனிதர், தன் வீட்டுப் பின்புறம் ஓடிப்போய் மண்கட்டியை வைத்து, ஓலையைக் கொளுத்தி, மேலே ஒரு சட்டித் தண்ணீரையும் ஏற்றிவிட்டார். ஐயா அங்கே போய்க் குனிந்து பார்த்தார். "கரி எங்கை?" என்றார். மண்கட்டி நொறுங்கிச் சட்டி சரிந்தது.

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு விளங்கீட்டுது. இது குடியிருப்பில்லை, ஆரோ முதலாளியின்ர கூலி வாடி. ஆக்களைக் கொண்டந்து விட்டுக் காட்டை வெட்டுவிக்கிறான். இப்பிடி எத்தினையைக் கண்டிட்டன்! எழுப்பத்தான் வேணும்."

எழுப்பத்தான் வேணும். அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். மாமா கையெடுத்துக் கும்பிட்டு, முதலாளி ஒருவரும் இல்லை, அதோ பொதுக் குசினி இருக்கிறது என்று காட்டினார். ஐயா குசினிக்கு வந்தார். அம்மா உலையைக் கிண்டிக்கொண்டு நின்றாள். திரும்பக்கூட இல்லை.

"இந்தக் குசினி ஆரின்ர?"

"பொதுங்க ஐயா" என்றார் மாமா.

"பொது எண்டு ஒரு குடும்பம் இல்லை. ஒரு அடுப்பெண்டால் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெர்மிற்தான். சொல்லுங்கோ, அடுப்பு ஆரின்ர?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். நான் மனதுக்குள், சொல்லு அம்மா, என்னோடதுன்னு சொல்லு, எல்லாத்தையும் நீயே வாங்கிக்க என்று கத்திக்கொண்டிருந்தேன். கை தட்டினவர்கள் முகம் விழுவதை அன்றைக்குப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்கு அப்படி ஒரு வெறி.

அம்மா அகப்பையை உயர்த்தி அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "பாத்திரத்த எடுத்துட்டு வாங்க! எல்லாரும்! பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க!"

சோற்று நேரமே இல்லை, சோறு வேகவுமில்லை. ஆனாலும் ஓடினார்கள். ஒவ்வொரு வீடும் தன் பாத்திரத்தோடு, புருஷன் பெண்சாதி பிள்ளைகளாகச் சேர்ந்து வரிசையில் வந்து நின்றது. பெரட்டில்கூட அப்படி நேராக நின்றதில்லை.

"ஐயா, அடுப்பு ஒண்ணுதான். ஆனா சோறு வேற வேற வீட்டுக்குப் போவுது. எத்தன பாத்திரமோ அத்தன குடும்பம். இவங்க எல்லாம் வயல்ல வேல செய்யிறாங்க. நான் இங்க வேல செய்யிறேன்." அந்த 'வேல'யை அவள் அழுத்திச் சொன்னாள். மாமாவைப் பார்த்து, "என்ன தம்பி, வேலதானே?" என்றாள்.

"வேலதாங்க ஐயா" என்றார் மாமா. "அக்கா இல்லன்னா நாங்க யாரும் வயல்ல எறங்கியிருக்க முடியாதுங்க." அவராகவே சொன்னார். அந்தச் சொல்லுக்காகவே நான் அவரை மன்னித்துவிட்டேன், பிறகு ஒருநாள்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வரிசையைப் பார்த்தார். பாத்திரங்களின் வாயில் அடிபட்ட சொட்டைகளைப் பார்த்தார். அவை ஒரு காலைக்குள் உண்டானவை இல்லை என்பது தெரிந்தது. பிறகு பேனையை எடுத்தார். வரிசையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்துப் பேனையை மூடப்போன நேரத்தில் அம்மாவைப் பார்த்தார்.

"உங்கட பாத்திரம் எங்கை அம்மா?"

மாமா முந்திக்கொண்டார். "அக்கா என் குடும்பங்க ஐயா."

"இல்லீங்க ஐயா" என்றாள் அம்மா. கொதிக்கிற அண்டாவின் மேல் அகப்பையை வைத்தாள். "இதான் என் பாத்திரம். ஊரு கூடி எல்லாத்தையும் பிரிச்சப்ப இத எனக்குன்னு தனியாக் குடுத்தாங்க. கை தட்டிக் குடுத்தாங்க. இல்லன்னு இதுல யாராவது ஒரு ஆளு சொல்லட்டும்."

கை தட்டினவர்கள் தங்கள் பாத்திரத்தைக் குனிந்து பார்த்தார்கள்.

"மெய்யோ?" என்று ஐயா மாமாவைக் கேட்டார்.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

"அப்ப இவா தனிக் குடும்பம்." ஐயா அண்டாவை எட்டிப் பார்த்தார். "தாயும் மகளும் சாப்பிட இவ்வளவு பெரிய கிடாரமோ அம்மா?"

"அதை இவங்ககிட்டக் கேளுங்க ஐயா."

ஐயா குலுங்கிச் சிரித்துவிட்டார். "குடும்பத் தலைவர் ஆர்?"

"நான்."

எழுதினார். எந்தத் துண்டு என்று கேட்டார். கழுநீர் ஓடுகிற பக்கமாகத் தான் பூசணியும் கத்தரியும் போட்டிருந்த குசினியடித் துண்டை அம்மா அகப்பையால் காட்டினாள். அது மாமா தனக்கென்று குறித்து வைத்திருந்த இடம். கடுதாசி கையில் வர அடுத்த மாரி ஆனது. ஆனால் அது எங்கள் காணி என்பது அந்தக் காலையிலேயே தீர்ந்துவிட்டது.

சாயந்திரம் மாஸ்டர் வந்தார். கதை முழுவதையும் பெண்கள் மாறி மாறிச் சொன்னார்கள், அத்தைதான் எல்லோரையும்விடச் சத்தமாக. மாஸ்டர் வெகுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இதை அங்கை ஆருக்காவது சொல்லவேணும்" என்றார். சீனாவுக்குத்தான்!

அம்மா அன்றைக்கும் எல்லோருக்கும் சோறு போட்டாள். கடைசியாக மாமா பாத்திரத்தை நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அகப்பை நிறைய அள்ளிப் போட்டாள். அவருக்குப் பிடித்த அடிக்கருகலையும் சுரண்டி மேலே வைத்தாள்.

"நாளைக்குக் காலையில நான் என் காணிக்குப் போறேன் தம்பி" என்றாள். "உன் கல்ல வந்து எடுத்துக்க."

விடிந்ததும் தண்டவாளம் தட்டவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, பெரிய அடுப்பை உடைத்து, தங்கள் வீட்டுக்கு மூன்று கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். எது யாருடைய கல் என்று தெரியாதபடி எல்லாம் ஒரேயடியாகக் கறுத்திருந்தன. அதனால் சண்டை வரவில்லை. கடைசியில் எங்கள் மூன்று கல் மிஞ்சியது. அம்மா அதைச் சேலைத் தலைப்பில் கட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் பின்னால் எங்கள் காணிக்குப் போனேன்.